கூரையில அன்ரனா பைப்புக்கு ஏர்த் கம்பி ஒண்டு அடிச்சாக் காணுமா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதல்ல சுருக்கமாத் திருப்பிச் சொல்லுறன், வாசிக்கிற மற்ற ஆக்களுக்கும் விளங்கட்டும். ஒட்டுசுட்டான் பக்கம் வீட்டுத்திட்ட வீடு, பின்பக்க முகட்டுச் சுவரோட சேத்து 40 அடி ஜீஐ (சிங்க் பூசின இரும்பு) பைப் ஏத்தியிருக்கிறீங்கள், நுனியில இருந்து ரெண்டு பக்கமும் சிற்றலைக்கு வயர் இழுத்து கீழ ஒரு ரீவி அன்ரனாவும் பூட்டியிருக்கு, கொக்ஸ் வயர் (நடுவில ஒரு கம்பி, அதைச் சுத்தி உலோக வலை உள்ள அன்ரனா வயர்) ஜன்னலுக்கால றேடியோ மேசைக்கு வருது. பக்கத்து வளவில பனை நிக்கிறபடியா இடி அதிலதான் விழும், பயமில்லை எண்டு அப்பா சொல்லுறார், அம்மா பைப்பைக் கழட்டு எண்டு நிக்கிறா, நீங்கள் பைப்படியில அஞ்சடிக் கம்பி ஒண்டு அடிச்சு வயர் சுத்தியிட்டன், இனிக் காணுமா எண்டு கேக்கிறீங்கள்.

காணாது. அதைவிட ஒண்டு சொல்லோணும், அந்தக் கம்பியை வீட்டு ஏர்த்தோட சேர்க்காமல் தனிய விட்டா, பக்கத்தில விழுற இடிக்கு அது கம்பியே இல்லாததைவிட மோசமாவும் போகும். ஏனெண்டு சொல்லுறன், இது நான் புத்தகத்தில மட்டும் படிச்ச விசயமில்லை.

எனக்கு நடந்தது ஒரு ஐப்பசியில, மல்லாவியில. அப்ப என்ர ஏற்பாடும் உங்கட மாதிரித்தான், முன்பக்கம் மீற்றர் பெட்டிக்குக் கீழ வீட்டு ஏர்த், பின்பக்கம் அன்ரனாவுக்கு எண்டு நானே அடிச்ச இன்னொரு கம்பி, ரெண்டுக்கும் இடையில ஒரு 15 மீற்றர் இருக்கும். பின்னேரம் மூண்டரை போல இருட்டிக்கொண்டு வந்தது, நான் சுவர் சொக்கற்றில சுவிட்சை நூத்துப்போட்டு விறாந்தைக்கு வந்திட்டன், பிளக்கைப் பிடுங்கேல்லை, கொக்ஸையும் கழட்டேல்லை. பின்வேலியில நிண்ட பனையில விழுந்தது. அன்ரனாவில ஒண்டும் விழேல்லை, பைப்பில ஒரு கீறல் இல்லை. ஆனா உள்ள வந்து பாத்தா அறை முழுக்க எரிஞ்ச பிளாஸ்ரிக் மணம். அடுத்த நாள் றேடியோவின்ர மூடியைக் கழட்டினா, கொக்ஸ் பூட்டுற சொக்கற்றின்ர புரி அப்பிடியே உருகி ஒட்டிப்போய்க் கிடக்கு, அதில இருந்து பலகையில போற செப்புக் கோடு எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி ஒரு கறுப்புக் கரியா மட்டும் தெரியுது, அந்தத் தடம் நேர கரண்ட் வயர் உள்ள வாற இடத்துக்குத்தான் போகுது. நடுவில இருந்த எல்லாம் போச்சு. அதைப் பாத்த பிறகுதான் எனக்கு விசயம் விளங்கினது.

நாங்கள் நிலம் எண்டா பூச்சியம் வோல்ட் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறம். இடி விழுற நேரத்தில அப்பிடி இல்லை. சாதாரண மின்னல் ஒண்டின்ர முதல் அடியே 30,000 அம்பியர் அளவில வரும், பெரியது 200,000 மட்டும் போகும். அது பனையடியில மண்ணுக்குள்ள இறங்கி நாலாபக்கமும் பரவேக்க விழுந்த இடத்தில வோல்ட் ஆகக் கூட, தள்ளிப் போகப்போகக் குறையும், குளத்தில கல்லெறிஞ்சா அலை பரவுற மாதிரி. ஈர மண் எண்டு மண்ணின்ர தடையை 100 ஓம் மீற்றர் வைச்சு கணக்குப் பாத்தா, மரத்தில இருந்து 20 மீற்றரில நிலமே கிட்டத்தட்ட 24,000 வோல்ட், 35 மீற்றரில 13,500 அளவு. என்ர பின் கம்பி 20 மீற்றரில, முன் கம்பி 35 மீற்றரில. அப்ப ரெண்டு கம்பிக்கும் இடையில 10,000 வோல்ட். அந்தப் பத்தாயிரமும் ஒண்டில இருந்து மற்றதுக்குப் போக லேசான வழி தேடும், பின் கம்பி, கொக்ஸின்ர வலை, றேடியோ, மூண்டு பின் பிளக்கின்ர ஏர்த் பின், முன் கம்பி. றேடியோதான் பாலம். சுவிட்ச் நூத்தது ஏன் உதவேல்லை எண்டா, சுவர் சுவிட்ச் லைவ் வயரை மட்டும்தான் வெட்டும், ஏர்த் பின் எப்பவும் தொடுத்தபடிதான் கிடக்கும். பிளக்கைப் பிடுங்கினா மட்டும்தான் அது விடும்.

ஆகவே மூலக் கதை இதுதான், வீட்டு ஏர்த்தும் அன்ரனா ஏர்த்தும் வெளியில, நிலத்தோட, தடிச்ச வயரால ஒண்டாச் சேர்ந்திருக்கோணும். செம்பு எண்டா 16 சதுர மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. கரண்ட் கம்பியில காகம் இருந்தா அதுக்கு ஒண்டும் ஆகிறதில்லைத்தானே, ரெண்டு காலும் ஒரே வோல்ட்டில நிக்கிறபடியா. அதுமாதிரி வீட்டில இருக்கிற எல்லா இரும்பும் வயரும் ஒண்டா ஏறி ஒண்டா இறங்கினா றேடியோவுக்குள்ளால ஓட அதுக்கு ஒரு தேவையில்லை. சேர்க்கிற வயரைச் சுவரோரம் மண்ணுக்குள்ள ஒண்டரை அடி ஆழத்தில தாட்டு, வீட்டைச் சுத்திக் கொண்டுபோங்கோ, வீட்டுக்குள்ளால இழுக்க வேண்டாம். மீற்றர் பக்கத்து வேலையை லைசன்ஸ் உள்ள வயரிங் ஆளைக் கொண்டு செய்யுங்கோ, அங்க நீங்கள் கை வைக்க வேண்டாம்.

இனி அன்ரனா இடியை இழுக்குமா எண்ட கேள்வி. அம்மா சொல்லுறதில உண்மை இருக்கு, ஆனா அவ பயப்பிடுற அளவுக்கு இல்லை. உயரத்தின்ர மூண்டு மடங்கை ஆரையா எடுத்து ஒரு வட்டம் போட்டா, அதுக்குள்ள விழ இருக்கிற இடியை அந்த உயரம் தன்னட்டை எடுக்கும் எண்டு ஒரு கணக்கு இருக்கு. 5 மீற்றர் கூரை எண்டா 15 மீற்றர் வட்டம், அது மூண்டு பரப்புக்கும் குறைவு. உங்கட பைப் நிலத்தில இருந்து 12 மீற்றர், அப்ப 36 மீற்றர் வட்டம், அது சரியா ஒரு ஏக்கர் வரும். கிட்டத்தட்ட ஆறு மடங்கு. சதுர கிலோமீற்றர் ஒண்டுக்கு வருசத்துக்கு 10 இடி விழுது எண்டு சும்மா கணக்குக்கு வைச்சுப் பாருங்கோ, வெறும் கூரையில 140 வருசத்துக்கு ஒருக்கா, பைப் வைச்சா 25 வருசத்துக்கு ஒருக்கா. ஆனா இதே கணக்கில 200 மீற்றருக்குள்ள எங்கையாவது விழுறது வருசத்துக்கு ஒண்டுக்கு மேல வருது! இதைத்தான் நான் உங்களுக்குக் காட்ட நினைச்சது. நேர விழுறதுக்குப் பயந்து சனம் பைப்பைக் கழட்டுது, பக்கத்தில விழுறதுக்கு ஒருத்தரும் ஆயத்தமில்லை, றேடியோவும் ரீவியும் றவுட்டரும் சாகிறது எல்லாம் அந்தப் பக்கத்து இடியாலதான்.

அப்பாவின்ர பனைக் கதைக்கும் பதில் இதுக்குள்ளயே இருக்கு. பனை உயரம், அதில விழச் சந்தர்ப்பம் கூடத்தான், ஆனா மரம் நல்ல கடத்தி இல்லை, பாதி வழி வந்த மின்சாரம் பக்கத்தில பைப்போ தகரமோ ஈரச் சுவரோ கிடைச்சா மரத்தை விட்டிட்டு அதுக்குத் தாவும். பனை உங்களைக் காக்காது. மரத்துக்குக் கிட்ட எண்டா அன்ரனா வயரின்ர ஒரு முனையை அதில கட்டவே கட்டாதேங்கோ, கனபேர் கட்டியிருக்கினம், பனையில விழுற இடிக்கு நேர மேசை வரைக்கும் ரோட்டுப் போட்டுக் குடுக்கிற வேலை அது.

எங்கட ஆக்கள் சொல்லுவினம், அந்தக் காலத்தில மரத்துக்கு மரம் வயர் கட்டி றேடியோ கேட்டம், ஒண்டும் நடக்கேல்லை எண்டு. ஓம், சண்டை நேரம் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில நானும் கேட்டனான், கரண்ட் இல்லை, பற்றரி இல்லை, சைக்கிளைக் கவிட்டு வைச்சு ஒராள் பெடல் சுத்த டைனமோவில றேடியோ பாடும், செய்தி நேரத்துக்கு பக்கத்து வீட்டுச் சனமும் வந்து குந்தியிருக்கும். அந்த றேடியோவுக்கு வந்தது ஒரே ஒரு வயர். பின்பக்கத்தால கரண்ட் வயர் இல்லை, ஏர்த் பின் இல்லை, றவுட்டர் கேபிள் இல்லை. பாலமா நிக்கிறதுக்கு மற்றப் பக்கக் கரையே இல்லை. பேந்து ஊருக்குக் கரண்ட் வந்தது, சீடிஎம்ஏ ரெலிபோனுக்குக் கூரையில அன்ரனா வந்தது, டிஷ் வந்தது, இப்ப இன்ரநெற்றுக்கு வேற அன்ரனா. ஒவ்வொரு பெட்டிக்கும் ரெண்டு மூண்டு வயர். அண்டைக்கு நடக்காதது இண்டைக்கு நடக்கிறதுக்குக் காரணம் வானத்தில இல்லை, மேசைக்குப் பின்னால கிடக்கிற வயர்க் கட்டுக்குள்ள இருக்கு.

நேர விழுந்தா என்ன எண்டும் சொல்லத்தானே வேணும். பைப்பும் ஒரு கம்பிதான், ஒவ்வொரு மீற்றருக்கும் கிட்டத்தட்ட 1 மைக்ரோ ஹென்றி இண்டக்ரன்ஸ் (மின்னோட்டம் சடாரெண்டு ஏறுறதை எதிர்க்கிற குணம்) இருக்கு. மின்னோட்டம் மைக்ரோ செக்கனுக்கு 10,000 அம்பியர் வேகத்தில ஏறினா மீற்றருக்கு 10,000 வோல்ட், உங்கட 12 மீற்றர் பைப்பின்ர நுனிக்கும் அடிக்கும் இடையில மட்டும் 120,000. அதாலதான் பைப்புக்கு ஓரடி தள்ளி சீலிங்குக்குள்ள ஓடுற லைட் வயருக்குப் பாயுது. ஏர்த் வயரை பாம்பு மாதிரி வளைச்சு, மிச்சத்தைச் சுருட்டிக் கட்டி வைக்கிறது பெரிய பிழை, சுருட்டினா இண்டக்ரன்ஸ் இன்னும் கூடும், மின்னல் சுருளுக்குள்ளால சுத்தி வராது, தாண்டிப் போகும். நேராக் கீழ இறக்குங்கோ, வளைக்கத்தான் வேணுமெண்டா எட்டு அங்குல ஆரைக்குக் குறையாமல் வளையுங்கோ. தகரக் கூரை எண்டா தகரத்தையும் பைப்போட சேர்க்கோணும்.

இப்ப அந்த அஞ்சடிக் கம்பி. 1.5 மீற்றர் நீளம் 16 மில்லிமீற்றர் தடிப்பு எண்டு போட்டா அதின்ர ஏர்த் தடை, மண்ணின்ர தடை எண்ணில 0.6 மடங்கு. நல்ல ஈர மண் 100 எண்டா 60 ஓம். எங்கட கிரவல் மண், வைகாசியில இருந்து மழை காணாத மண், ஆயிரத்துக்குப் போறதும் இருக்கு, அப்ப 600 ஓம். 10 ஓமுக்குள்ள வேணும் எண்டுதான் இடிதாங்கிக்கு எல்லா இடமும் சொல்லுவினம். 60 ஓமுக்குள்ளால 30,000 அம்பியர் எண்டா கணக்குப்படி 18 இலட்சம் வோல்ட், மண் உடைஞ்சு பொறி பறந்து கொஞ்சம் குறையும் எண்டாலும் பெரிய எண்தான். கவனியுங்கோ, எங்கட வன்னியில மண் ஆகக் காய்ஞ்சு கிடக்கிறது புரட்டாசியில, முதல் பெரிய இடி வாறதும் அதுக்குப் பின்னால, ஐப்பசியில. மண் நனையிறதுக்கு முதலே மின்னல் வந்திடும். மாசி பங்குனியில காய்ஞ்ச மண்ணுக்கு சித்திரை இடி வாறதும் அப்பிடித்தான்.

அதால ஒரு கம்பி போதாது, மூண்டு அடியுங்கோ, ஒண்டுக்கொண்டு மூண்டு மீற்றர் தள்ளி, எல்லாத்தையும் மண்ணுக்குள்ளால ஒரே பட்டியால தொடுங்கோ. செம்பு விலை, அதோட பழைய இரும்பு எடுக்கிற ஆக்கள் ஒரு நாள் இரவில வெட்டிக்கொண்டு போயிடுவாங்கள், அதால 25க்கு 3 மில்லிமீற்றர் ஜீஐ பட்டி நல்லது, பைப்பும் ஜீஐ, பட்டியும் ஜீஐ, ஒண்டையொண்டு அரிக்காது. செம்பு வயரை ஜீஐ பைப்பில நேர சுத்தினீங்கள் எண்டு சொன்னீங்கள், அதைக் கழட்டுங்கோ, ரெண்டு மாரி போனா அந்த இடத்தில சிங்க் பூச்சுப் போய்த் துரு பிடிச்சு வெளியில இறுக்கமாத் தெரிஞ்சாலும் உள்ள தொடுப்பு இருக்காது, ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் கிளாம்ப் ஒண்டு இடையில வேணும். உப்பும் கரியும் போடுறதைப் பற்றிக் கேட்டா, கரி பரவாயில்லை, உப்பு நான் போடமாட்டன், முதல் வருசம் ஏர்த் அளக்கிற மீற்றர் நல்லாக் காட்டும், பேந்து உப்புக் கரைஞ்சு போக கம்பியையும் தின்னிருக்கும். வாழையடி ஈரமான இடம், அதில அடியுங்கோ. கிணத்தடியில மட்டும் வேண்டாம். ஈரம் இருக்குத்தான், ஆனா அங்க சனம் வெறுங்காலோட நிண்டு குளிக்கிற இடம், கம்பிக்குக் கிட்ட நிலத்தில ஒரு காலுக்கும் மற்றக் காலுக்கும் இடையிலயே ஆயிரக்கணக்கில வோல்ட் வரும், மரத்துக்குக் கீழ கட்டின மாடு இடியில சாகிறது கனக்க அதாலதான், முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையில தூரம் கூட, நெஞ்சுக்குள்ளால போகுது. கம்பியடியில ஆட்டையும் மாட்டையும் கட்டாதேங்கோ.

கொக்ஸ் வீட்டுக்குள்ள வாற விதத்தையும் மாத்தோணும். ஜன்னலுக்கால நேர மேசைக்கு வேண்டாம். வெளிச்சுவரில நிலத்துக்குக் கிட்ட ஒரு சின்ன இரும்புப் பெட்டி வையுங்கோ, அந்தப் பெட்டி ஏர்த் பட்டியோட சேர்ந்திருக்கட்டும், கொக்ஸ் அங்க வந்து அதின்ர வெளி வலை பெட்டியில தொட்டு, அதில ஒரு அரெஸ்ரர் (கூடின வோல்ட் வந்தா ஏர்த்துக்குத் திருப்பி விடுற சாமான்), வாயுக் குழாய் வைச்ச சாதி, பூட்டி அதுக்குப் பிறகு உள்ள போகட்டும். அரெஸ்ரர் பக்கத்து இடிக்கும் மழைக்காத்தில வயரில சேர்ற ஸ்ரற்றிக்குக்கும் நல்லது, நேர விழுற இடிக்கு அதை மட்டும் நம்பக்கூடாது. அதே பெட்டியிலதான் கொக்ஸைக் கழட்டுறதும். கனபேர் செய்யிறது என்னெண்டா மேசையில றேடியோவுக்குப் பின்னால கழட்டி முனையைக் கட்டிலில போட்டிடுவினம், சிலர் போத்தலுக்குள்ள விடுவினம். மேகத்தில இருந்து கிலோமீற்றர் கணக்கில காத்தை உடைச்சுக்கொண்டு வந்தது ஒரு கண்ணாடிப் போத்தலுக்கு நிக்குமா? 1753இல ரஷ்யாவில சென் பீற்றர்ஸ்பேர்க்கில ரிச்மன் எண்ட விஞ்ஞானி இப்பிடித்தான் கூரையில கம்பி வைச்சு, ஏர்த் குடுக்காமல், அதை வீட்டுக்குள்ள அறைக்குக் கொண்டுவந்து மின்னலை அளக்கப் பாத்தவர், இடி கேட்டு ஓடி வந்து கருவிக்குக் கிட்டக் குனிஞ்ச இடத்திலயே செத்துப்போனார். கூரைக் கம்பி ஏர்த் இல்லாமல் அறைக்குள்ள வந்து முடிஞ்சா என்ன நடக்கும் எண்டதுக்கு 270 வருசத்துக்கு முதலே ஒரு உயிர் போயிருக்கு. கழட்டின முனை வீட்டுக்கு வெளியில, ஏர்த்தோட தொட்டபடி இருக்கோணும்.

ட்ரிப் சுவிட்ச் இருக்குத்தானே எண்டு கேட்டிருந்தீங்கள். அது மனுசருக்குக் கரண்ட் பிடிச்சா வெட்டுறதுக்கு, 30 மில்லி அம்பியர் கசிஞ்சா விழும், அதுக்கும் மில்லி செக்கன் கணக்கில நேரம் வேணும். மின்னலின்ர அடி அதுக்கு முதலே வந்து போயிடும், அதோட அதுக்குள்ள இருக்கிற இடைவெளி சில மில்லிமீற்றர்தான். இடிக்குப் பிறகு ட்ரிப் விழுந்து கிடந்தா காப்பாத்திப்போட்டுது எண்டு நினைக்காதேங்கோ.

ஆனா இதெல்லாத்தையும்விட முக்கியம் நேரம். எங்கட பக்கம் பங்குனி சித்திரையும், ஐப்பசி கார்த்திகையும் இடிக் காலம், பகல் ரெண்டு மணிக்குப் பிறகுதான் கூட வாறது. அந்த மாதங்களில மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் கொக்ஸைக் கழட்டுறதைப் பழக்கமாக்குங்கோ, வானம் வெளிச்சமா இருந்தாலும். உங்கட றேடியோவே முதல் ஆள் சொல்லும், மத்திய அலையில ஸ்ரேசன் இல்லாத இடத்தில விட்டுப் பாருங்கோ, சரக் சரக் எண்டு வெட்டி வெட்டி இரையும், வானத்தில ஒண்டும் தெரியாத நேரத்திலயே கேக்கும், அது நெருக்கமா வரத் தொடங்கினா பெட்டியடிக்குப் போற நேரம். மின்னி 30 செக்கனுக்குள்ள இடி கேட்டா அது 10 கிலோமீற்றருக்குள்ள. அதுக்குப் பிறகு பெட்டியடிக்குப் போகக்கூடாது, கொக்ஸைத் தொடக்கூடாது, கூரையில ஏறுறதைப் பற்றிக் கதையே இல்லை. விட்டது விட்டதுதான், றேடியோ போனாப் போகட்டும். கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் கழிச்சுத்தான் வெளியில. என்ர அம்மம்மா இடி இடிச்சா அருச்சுனா அருச்சுனா எண்டு சொல்லிக்கொண்டு எங்களை எல்லாரையும் நடு அறைக்குள்ள இழுத்து வைச்சிருப்பா, ஜன்னலடியில நிக்க விடமாட்டா. அந்த நடு அறை சரியான இடம்தான்.

ஆருக்கும் அடிச்சிட்டா, அவரைத் தொட்டா எங்களுக்கும் பிடிக்கும் எண்டு தள்ளி நிக்கிறது பிழை, மின்னல் பட்ட உடம்பில கரண்ட் நிக்காது. மூச்சும் நாடியும் இல்லையெண்டா உடன நெஞ்சை அமத்தத் தொடங்கோணும், இன்னொராள் 1990 எண்ட இலக்கத்துக்கு ரெலிபோன் அடிச்சு அம்புலன்சைக் கூப்பிடட்டும்.

அப்ப பைப்பைக் கழட்டுறதா எண்டா, கழட்டத் தேவையில்லை, ஆனா 40 அடி உங்களுக்குத் தேவையுமில்லை. நீங்கள் சொன்ன 7 மெகாஹேர்ட்ஸ் வயருக்கு ஒரு பக்கம் பத்து மீற்றர் மட்டில, நடு 8 மீற்றரில நிண்டாலே இலங்கைக்குள்ளயும் இந்தியாவுக்கும் வடிவாக் கேக்கும். 12ஐ 8 ஆக்கினா அந்த ஒரு ஏக்கர் வட்டம் அரை ஏக்கருக்கும் கீழ போகுது. மேல் துண்டு சொக்கற் போட்டுத்தானே ஏத்தியிருக்கிறீங்கள், காலமையில, வானம் வெளிச்சமா இருக்கேக்க, ரெண்டு பேர் பிடிச்சு இறக்குங்கோ, கரண்ட் லைனுக்கு எதிர்ப் பக்கமாச் சரிச்சு. அம்மாவுக்கும் ஒரு நிம்மதி.

நான் வாற கிழமை முள்ளியவளைக்கு ஒரு வேலையா வாறன், ஏர்த் மீற்றரைக் கொண்டாறன், பட்டியும் கிளாம்பும் வாங்கி வைச்சிருங்கோ, மூண்டு கம்பியையும் அடிச்சு அளந்து பாத்திட்டுத் தொடுப்பம். அதுவரைக்கும் இண்டைக்கே கொக்ஸை ஜன்னலுக்கு வெளியில எடுத்து பைப்படியில கட்டி விடுங்கோ.